நடுநிலை வகுப்புகளில் சமூக சேவையும் தனிச் செயல்திட்டமும்: தலைப்பைப் பிள்ளைகளிடம் விடுங்கள், அட்டவணையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குச் சமூக சேவையையும் தனிச் செயல்திட்டத்தையும் திட்டமிடும் பொறுப்பை இந்த ஆண்டு ஏற்றிருக்கும் ஓர் ஆசிரியர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். இரண்டையும் சேர்த்தே நடத்தலாமா? எத்தனை மணி நேரம் ஒதுக்குவது? மதிப்பெண் எப்படிப் போடுவது?

சுருக்கமாகச் சொன்னால்: முதல் ஆண்டில் சேர்த்து நடத்த வேண்டாம். மணிக்கணக்கை, நீங்கள் இப்போது மனதில் வைத்திருப்பதில் பாதியாகக் குறையுங்கள். முடிந்துவந்த பொருளை விடச் செயல்திட்ட நோட்டுக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள். மூன்று பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்து. இந்த வயதில் ஒரு செயல்திட்டம் படுத்துவிட்டால் பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. பெரியவர்கள் தலைப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டு, நேரத்தைச் சமாளிக்கும் வேலையைப் பிள்ளையின் தலையில் கட்டிவிடுகிறார்கள். 12 வயதுப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று நன்றாகவே தெரியும். பத்து வாரத்தை எப்படிப் பிரிப்பது என்றுதான் தெரியாது. ஆகவே தலைப்பு அவர்களுடையதாகவும், காலமும் எல்லையும் நம்முடையதாகவும் இருக்க வேண்டும்.

முதல் கேள்விக்கு வருவோம். சேவையும் தனிச் செயல்திட்டமும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இரண்டிலும் ஒரு திட்டம், கொஞ்சம் வேலை, கடைசியில் ஓர் அறிக்கை. ஆனால் யார் சொல்வது செல்லும் என்பதில் இரண்டும் வேறு. சேவையில் பயன்பெறப் போகிறவருக்கு என்ன தேவை என்பதுதான் முதல் கேள்வி. தனிச் செயல்திட்டத்தில் பிள்ளைக்கு எதை அறிய, எதைச் செய்யத் தோன்றுகிறது என்பதே முதல் கேள்வி. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால், "எனக்கு ரோபோ பிடிக்கும், அதனால் முதியோர் இல்லத்துக்கு ஒரு ரோபோ செய்து தரப்போகிறேன்" என்ற மாதிரி ஒரு திட்டம் வந்து நிற்கும். முதியோர் இல்லத்தில் யாரும் ரோபோ கேட்கவில்லை. பிள்ளையும் உண்மையில் முதியோரைப் பற்றி யோசிக்கவில்லை. இரண்டையும் இணைக்கும் பக்குவம் எட்டாம் வகுப்பில் சிலருக்கு வரும். அப்போது தடுக்க வேண்டியதில்லை.

உலகம் முழுக்கப் பல பள்ளிகள் பின்பற்றும் இன்டர்நேஷனல் பாக்கலோரியட் அமைப்பின் மிடில் இயர்ஸ் பாடத்திட்டமும் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. அது 11 முதல் 16 வயது வரைக்கான ஐந்தாண்டுத் திட்டம். சமூகச் செயல்திட்டத்தை மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில், தனியாகவோ அதிகபட்சம் மூன்று பேர் சேர்ந்தோ, ஏறக்குறைய 15 மணி நேரத்தில் செய்கிறார்கள். தனிநபர் செயல்திட்டம் ஐந்தாம் ஆண்டில்தான் வருகிறது. அதற்கு ஏறக்குறைய 25 மணி நேரம். கவனியுங்கள்: தனியாக ஒரு நீண்ட வேலையை இழுத்துச் செல்லும் பொறுப்பை 15, 16 வயதில்தான் கொடுக்கிறார்கள். அந்த 25 மணி நேரத்தை எடுத்து ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் அதில் 20 மணி நேரத்தை வீட்டில் அப்பாவோ அம்மாவோதான் செய்வார்கள்.

என் பரிந்துரை இது. ஆறாம் வகுப்பில் வகுப்பு முழுவதற்கும் ஒரே சேவை. இடத்தை நீங்கள் காட்டுங்கள், வேலையை அவர்கள் பிரித்துக்கொள்ளட்டும். ஏழாம் வகுப்பில் மூன்று பேர் கொண்ட குழுக்கள், அவர்களே தேடிய சேவை, மொத்தம் எட்டு முதல் பத்து மணி நேரம். மூன்றுக்கு மேல் போனால் நான்காவது பிள்ளை அட்டையில் தலைப்பு எழுதுவதோடு நின்றுவிடும். எட்டாம் வகுப்பில் தனிச் செயல்திட்டம், 12 முதல் 15 மணி நேரம், பத்து வாரத்துக்குள். ஆறாம், ஏழாம் வகுப்பிலும் தனி ஆர்வத்துக்கு இடம் வேண்டும் என்றால் வாரம் ஒரு பீரியட் கொடுங்கள், அறிக்கை கேட்காதீர்கள்.

சேவையில் முதலில் சொல்ல வேண்டியது: போவதற்கு முன் கேளுங்கள். நாம் திட்டத்தை முடித்துவிட்டு, உடைகளைச் சேகரித்துவிட்டு, பிறகுதான் அந்த இல்லத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்கிறோம். ஏழாம் வகுப்புக் குழு ஒன்று முதியோர் இல்லப் பொறுப்பாளரிடம் பேசுவதாக வைத்துக்கொள்வோம். "நாங்கள் வந்து பாட்டுப் பாடலாமா?" என்பது தவறான முதல் கேள்வி, எதிரில் இருப்பவர் மரியாதைக்குச் சரி என்றுதான் சொல்வார். "எந்த நாளில் உங்களுக்கு ஆள் குறைவாக இருக்கிறது? போன முறை வந்தவர்கள் செய்ததில் எது உங்களுக்குத் தொந்தரவாக இருந்தது? நாங்கள் வாரம் ஒரு மணி நேரம் வந்தால் எதைச் செய்யச் சொல்வீர்கள்?" இந்த மூன்றையும் கேட்டால் வேறு விதமான பதில் வரும். சிறப்பு நாட்களில் கூட்டம் தாங்கவில்லை, செவ்வாய்க்கிழமை மதியம் யாருமே வருவதில்லை என்பார்கள். பாட்டு வேண்டாம், இரண்டு பேருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்ட ஆள் வேண்டும் என்பார்கள். பேத்தியோடு வீடியோவில் பேச ஒருவருக்குக் கைபேசியைச் சொல்லித்தர வேண்டும் என்பார்கள். பிள்ளைகள் இந்தப் பதில்களைத் தங்கள் கையால் எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்தத் தாள்தான் திட்டத்தின் முதல் பக்கம்.

சேவை என்றால் நேரில் போய்ச் செய்வது மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பொதுவாக நான்கு வகையாகப் பிரிப்பார்கள். பயன்பெறுபவரோடு நேரில் இருந்து செய்வது ஒன்று. அவரைப் பார்க்காமலேயே அவருக்காகச் செய்வது இன்னொன்று. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகப் பாடங்களை ஒலிப்பதிவு செய்வதைப் போல. ஒரு பிரச்சினைக்காகப் பிறரிடம் எடுத்துப் பேசுவது மூன்றாவது. தகவல் திரட்டிக் கொடுக்கும் ஆய்வு நான்காவது. பள்ளிகளில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதில் பொருள் சேகரிப்பும் மூன்றாவதில் சுவரொட்டியும்தான். சுவரொட்டி மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. "மரம் வளர்ப்போம்" என்று வண்ணத்தில் எழுதி, மரம் வளர்க்க வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள் நடக்கும் பள்ளி வராந்தாவில் ஒட்டுவதால் யாருக்கு என்ன பயன்?

பிள்ளைகளை முன்னால் நிறுத்திப் பெரியவர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு ஒரு நல்ல உரைகல் இருக்கிறது. ராஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில் சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழே இருக்கும் மூன்று படிகள், அதாவது பிள்ளைகளைக் கருவியாகப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது ஆகியவை, பங்கேற்பே அல்ல என்றார். எதற்கு என்று தெரியாமல் பதாகை பிடித்து ஊர்வலம் போகும் வகுப்பு இந்த மூன்றில் ஒன்றில் இருக்கிறது. உங்கள் திட்டத்தைச் சோதிக்க எளிய வழி, ஊர்வலத்தில் கடைசியில் வரும் பிள்ளையைத் தனியாக அழைத்து "இது எதற்கு, யார் முடிவு செய்தது?" என்று கேட்பது. முன்வரிசைப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். அவனுக்குப் பதிலை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்.

நான்காம் வகையான ஆய்வுச் சேவை இந்த வயதுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அதைத்தான் யாரும் எடுப்பதில்லை. 1986இல் தொடங்கிய சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணியில் வெறுமனே குப்பை பொறுக்குவதில்லை. பாட்டில், மூடி, கயிறு என்று கிடைத்ததை வகை பிரித்து எண்ணி எழுதுகிறார்கள். அந்தக் கணக்குதான் எந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது என்று பேச உதவுகிறது. கடற்கரை இல்லாத ஊரில் பள்ளி வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை இதையே செய்யலாம். அதுபோல, 1998இல் தொடங்கி ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட் என்ற பறவைக் கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால் போதும்; 2013 முதல் உலகின் எந்த மூலையிலிருந்தும் சேரலாம். இப்படிப்பட்ட இணையத் திட்டங்களில் சேருமுன் வயது விதியைப் படித்துவிடுங்கள். பல தளங்களில் 13 வயதுக்குக் கீழே தனிக் கணக்கு தொடங்க முடியாது. வகுப்புக்கு ஒரே கணக்கை ஆசிரியர் வைத்திருப்பதே நல்லது.

மணிக்கணக்கு பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்க 75 மணி நேரச் சேவைக் கற்றல் கட்டாயம். நடுநிலை வகுப்புகளிலேயே தொடங்கிவிடலாம். அங்கேயும் வேலை செய்த நேரத்தை மட்டும் எண்ணுவதில்லை. தயாரிப்பு, செயல், பிறகு அதைத் திரும்பிப் பார்ப்பது என்ற மூன்றும் சேவைக் கற்றலின் பகுதிகள். மூன்றில் நடுவிலிருப்பதற்கு மட்டும் கையெழுத்துப் போட்டால் பிள்ளைகள் மணியைத்தான் சேர்ப்பார்கள். மேலும், சான்றிதழை முன்னால் காட்டி ஆசை காட்டாதீர்கள். மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பாலர் வகுப்புக் குழந்தைகள், பின்னால் தாங்களாக வரையும் நேரம் மற்றக் குழந்தைகளுடையதை விடக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. கொடுப்பதாக இருந்தால் முடிந்த பிறகு, சொல்லாமல் கொடுங்கள்.

இனித் தனிச் செயல்திட்டம். இங்கே முழுப் போராட்டமும் தலைப்பைச் சுருக்குவதில்தான். பிள்ளைகள் "நீர் மாசு", "விண்வெளி", "செயற்கை நுண்ணறிவு" என்று கலைக்களஞ்சியத்தின் அட்டையை எழுதிக்கொண்டு வருவார்கள். மறுக்க வேண்டாம், கேள்வி கேட்டுக்கொண்டே உள்ளே போங்கள்.

"தண்ணீரைப் பற்றிச் செய்யப்போகிறேன், சார்."
"எந்தத் தண்ணீர்?"
"எல்லாத் தண்ணீரும்தான்."
"நேற்றிலிருந்து இன்றுவரை நீ கண்ணால் பார்த்த தண்ணீரில் எது உன்னை எரிச்சல்படுத்தியது?"
"விளையாட்டு மைதானத்துக் குழாய். எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கிறது."
"ஒரு நாளைக்கு எவ்வளவு சொட்டுகிறது?"
"தெரியாது, சார்."

அவ்வளவுதான், தலைப்பு கிடைத்துவிட்டது. ஓர் அளவுக் குவளையைக் குழாயடியில் வைத்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பார்க்கலாம். 100 மில்லி சேர்ந்தால் நாளைக்கு 2.4 லிட்டர், ஆண்டுக்கு 876 லிட்டர். எல்லாக் குழாய்களையும் அளக்கலாம், காலையிலும் மாலையிலும் வேறுபடுகிறதா என்று பார்க்கலாம், வாஷரை மாற்றிய பிறகு மறுபடி அளக்கலாம். பல வாரத்துக்கு வேலை இருக்கிறது. முடிவைக் கேட்கப் பள்ளி நிர்வாகத்தில் ஒருவர் காத்திருக்கிறார். தலைப்புக்கு நான் வைக்கும் சோதனையும் இதுதான்: கையில் இருப்பதை வைத்து நாளைக்கே தொடங்க முடியுமா, ஆசிரியரைத் தவிர வேறு யாருக்காவது முடிவு தேவைப்படுகிறதா, "முடிந்தது" என்று எதைப் பார்த்துச் சொல்வோம்? மூன்றாவதற்குப் பதில் இல்லாத தலைப்புதான் கடைசி வாரம் அழ வைக்கும்.

ஆர்வமே இல்லை என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளையை என்ன செய்வது? கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுல்லி 1977இல் முன்வைத்த செறிவூட்டல் என்ற கற்பித்தல் மாதிரியில் மூன்று வகை நடவடிக்கைகள் உண்டு. முதலில் பல துறைகளை அறிமுகம் செய்வது, அடுத்து எப்படிச் செய்வது என்ற திறன்களைக் கற்றுத்தருவது, அதன் பிறகே பிள்ளை தானாக ஒன்றை எடுத்து ஆராய்வது. நாம் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து, திங்கள்கிழமை காலை "ஆளுக்கொரு தலைப்பு கொண்டுவாருங்கள்" என்கிறோம். தச்சர், செவிலியர், வரைபடம் வரைபவர் என்று மூன்று நான்கு பேரை வகுப்புக்கு அழைத்து அரை மணி நேரம் வேலையைக் காட்டச் சொல்லுங்கள். பேட்டி எடுப்பது, அளப்பது, அட்டவணை போடுவது ஆகியவற்றை ஒரு வாரம் பழக்குங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே தலைப்பு கிடைத்துவிடும்.

அட்டவணை உங்கள் கையில் இருக்க வேண்டும் என்றேன். காரணம், வேலை எப்போது முடியும் என்று கணிப்பதில் வளர்ந்தவர்களே தடுமாறுகிறார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் ஆய்வேடு சராசரியாக 34 நாளில் முடியும் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். அப்படியிருக்க 13 வயதுப் பிள்ளை "இரண்டு வாரம் போதும், சார்" என்பதை எப்படி நம்புவது? பத்து வாரம் என்றால், முதல் இரண்டு வாரம் தலைப்புக்கும் அனுமதிக்கும். மூன்றாம் வாரம் ஒரு சிறிய முன்னோட்டம்: ஒரு குழாயை மட்டும் அளப்பது, ஒருவரை மட்டும் பேட்டி எடுப்பது. நான்கு முதல் ஏழு வரை உண்மையான வேலை. எட்டாம் வாரத்தை வெறுமனே விட்டுவையுங்கள். ஏதாவது ஒன்று தள்ளிப்போய் அதை நிரப்பிவிடும். கடைசி இரண்டு வாரம் எழுதவும் காட்டவும்.

ஆபத்தான இடம் ஐந்தாம் வாரம். தொடக்க உற்சாகம் வற்றியிருக்கும், கெடு தூரத்தில் இருக்கும். எந்தச் செயல்திட்டமும் அறிவிப்புச் செய்துவிட்டு நிற்பதில்லை, சத்தமில்லாமல் நின்றுபோகும். நீண்ட அறிக்கை கேட்டால் பொய் எழுதுவார்கள். அதற்குப் பதில் ஒவ்வொருவரோடும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, போன வாரம் என்ன செய்தாய், எங்கே மாட்டிக்கொண்டாய், அடுத்து எந்த நாளில் எந்த இடத்தில் என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "இந்த வாரம் அளப்பேன்" என்ற பதிலை ஏற்காதீர்கள். "வியாழன் மதியம் சாப்பிட்டதும் மைதானத்துக் குழாயில்" என்று வர வேண்டும். 30 பிள்ளைகள் என்றால் ஒரே நாளில் முடியாது. ஒரு பீரியடில் ஏழெட்டுப் பேர் என்று வையுங்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கட்டும்.

பெற்றோரைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பளபளக்கும் தெர்மோகோல் மாதிரி வந்தால் யார் கை வேலை என்று உங்களுக்கே தெரியும். திட்டிப் பயனில்லை. தயாராகும் பொருட்கள் பள்ளியை விட்டு வெளியே போகக்கூடாது என்று விதி வைத்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பெற்றோருக்கும் ஒரு வேலை கொடுங்கள்: வழித்துணையாக வரலாம், பேட்டிக்குப் பழக்கமான ஒருவரை அறிமுகம் செய்யலாம், பிள்ளை பேசிப் பார்க்கும்போது கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. வெளியே போகும் ஒவ்வொரு முறைக்கும் எழுத்தில் பெற்றோர் அனுமதி, குழுவோடு இரண்டு பெரியவர்கள், எந்தப் பிள்ளையும் வெளியாளோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது, தொலைபேசி எண்ணைப் பிள்ளைகள் கொடுக்கக்கூடாது, ஊசியும் உடைந்த கண்ணாடியும் கிடைத்தால் தொடாமல் பெரியவரை அழைக்க வேண்டும். உதவி பெறுகிறவர்களைப் படம் எடுக்கும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். அரிசிப் பையை நீட்டும் கையும் வாங்கும் முகமும் ஒரே படத்தில் வருவது வாங்குகிறவருக்கு என்னவாக இருக்கும் என்று பிள்ளைகளையே கேளுங்கள். நம்மை விடச் சரியாகச் சொல்வார்கள்.

மதிப்பெண் விஷயத்தில் நான் நோட்டுக்கே பாதிக்கு மேல் கொடுப்பேன். நோட்டு என்றால் அழகாகத் திருப்பி எழுதியது அல்ல; அன்றன்று எழுதியது, அடித்தல் திருத்தலோடு. "செவ்வாய்: மூன்றாவது குழாயில் குவளை வைத்தேன். யாரோ எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டார்கள். நாளை 'எடுக்காதீர்கள்' என்று எழுதி ஒட்ட வேண்டும். புதன்: எழுதி ஒட்டினேன். இன்று குவளையையே காணோம்." இப்படி ஒரு பக்கம் இருந்தால் அந்தப் பிள்ளை உண்மையாக வேலை செய்கிறது என்று அர்த்தம், முடிவு வராமலே போனாலும் முழு மதிப்பெண் கொடுக்கத் தயங்க மாட்டேன். மீதியில் ஒரு பகுதி, திட்டத்தை ஏன் மாற்றினாய் என்பதற்கான விளக்கத்துக்கு. இன்னொரு பகுதி, பயன்பெற்றவரோ முடிவைக் கேட்டவரோ இரண்டு வரியில் சொல்லும் கருத்துக்கு. நல்ல கருத்தா என்பது முக்கியமில்லை, பிள்ளை போய்க் கேட்டதா என்பதே முக்கியம். பொருளின் அழகுக்கு மிகக் குறைவு.

திரும்பிப் பார்த்து எழுதச் சொன்னால் எல்லா நோட்டிலும் "இதன் மூலம் பொறுப்புணர்வையும் ஒற்றுமையையும் கற்றுக்கொண்டேன்" என்று வரும். கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகத்தான் இருக்கும். "நீ நினைத்ததற்கு நேர்மாறாக நடந்தது எது? அங்கே யார் சொன்னது உனக்குப் புரியவில்லை? இந்த வேலையை நீங்கள் செய்யாமல் இருந்திருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு "ஒன்றும் குறைந்திருக்காது" என்று ஒரு குழு எழுதினால் கோபப்படாதீர்கள். அடுத்த ஆண்டு அந்தச் சேவையை நிறுத்திவிடலாமா என்று யோசியுங்கள்.

இரண்டு ஏற்பாடுகளுக்கு இப்போதே நாள் குறித்துவிடுங்கள். சேவை முடிந்து ஒரு மாதம் கழித்துக் குழு அந்த இடத்துக்கு மறுபடி போய், கற்றுக்கொடுத்த கைபேசி பயன்பாட்டில் இருக்கிறதா, வைத்த செடி இருக்கிறதா, மாற்றிய வாஷர் மறுபடி ஒழுகுகிறதா என்று பார்த்துவர ஒரு நாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் நோட்டுகளை ஏழாம் வகுப்பிடம் ஒப்படைத்து, எதை யாரிடம் கேட்க வேண்டும், எது வேலைக்கு ஆகாது என்று சொல்லிக்கொடுக்க ஒரு பீரியட். ஆண்டுக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த இரண்டையும் தேர்வு அட்டவணை விழுங்கிவிடும்.